வரைந்த கோட்டிலிருந்து புள்ளிகள் எடுப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்திலிருந்து இலை பறித்து வந்து, ஸ்கேன் செய்து, படங்களை அளக்க உதவும் இமேஜ்-ஜே மென்பொருளில் மவுஸால் ஓரத்தை வரைகிறார்கள். அந்த ஓரத்தின் எக்ஸ், ஒய் ஆயத்தொலைவுகள் முழுவதும் வேண்டும். ஆனால் ஓர் இலைக்கு ஒரே ஓர் எக்ஸ், ஒரே ஓர் ஒய்தான் வருகிறது. ஒருமுறை நீளப் பட்டியல் கிடைத்தது. அதை எக்செலில் ஒட்டினால் கூட்டுத்தொகை பூஜ்யம் என்கிறது. என்ன செய்ய?
(பள்ளி ஆசிரியை, சாட்ஸ்வொர்த்)

பதில்: டீச்சர், நீங்கள் பார்த்த அந்த ஒற்றை எக்ஸும் ஒய்யும் ஓரத்தைச் சேர்ந்தவையே அல்ல. இந்த மென்பொருளில் எக்ஸ், ஒய் என்று தலைப்புப் போட்ட பத்திகள் பல இடங்களில் வரும். 'மெஷர்' கொடுத்தால் வருவது இலையின் மையப்புள்ளி. வரைந்த கோடுகளைச் சேர்த்து வைக்கும் ஆர்.ஓ.ஐ. மேனேஜரில் 'மோர்' பொத்தானுக்குள் 'லிஸ்ட்' என்று இருக்கிறதே, அதில் வருவது இலையைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால் அதன் மேல் இடது மூலை. இரண்டும் இலைக்கு ஒன்றுதான்.

உங்களுக்கு வேண்டியது இருப்பது வேறு இடத்தில். கோடு வரைந்து முடித்து, மஞ்சள் கோடு திரையில் இருக்கும்போதே, 'எடிட்' மெனுவில் 'செலக்‌ஷன்', அதற்குள் 'ப்ராப்பர்ட்டீஸ்'. விசைப்பலகையில் ஒய் எழுத்தைத் தட்டினாலும் அதே பெட்டி திறக்கும். அதில் 'லிஸ்ட் கோஆர்டினேட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓ.கே. கொடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வரியாகக் கொட்டும். கோப்பாகவே வேண்டும் என்றால் 'ஃபைல்', 'சேவ் ஆஸ்', 'எக்ஸ்-ஒய் கோஆர்டினேட்ஸ்'. இதே மாதிரிப் பெயருடன் 'அனலைஸ்', 'டூல்ஸ்' என்ற வழியில் இன்னொன்று இருக்கிறது. பிள்ளைகள் கட்டாயம் அதைத்தான் முதலில் அமுக்குவார்கள். அது ஓரத்தைக் கண்டுகொள்ளாது. படத்தின் மேல் இடது மூலையில் உள்ள நிறத்தைப் பின்னணி என்று வைத்துக்கொண்டு, அந்த நிறமில்லாத ஒவ்வொரு பிக்செலையும் எழுதி வைக்கும். ஸ்கேன் செய்த வெள்ளைத்தாள் ஒருபோதும் சுத்த வெள்ளையாக இருப்பதில்லை. ஏ4 தாளை 300 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 87 லட்சம் பிக்செல். எக்செல் ஒரு பக்கத்தில் ஏற்பது 10,48,576 வரி மட்டும்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒன்றைப் பாருங்கள். சில இடங்களில் புள்ளிகள் நெருக்கமாகவும் சில இடங்களில் எட்ட எட்டவும் இருக்கும். கையால் வரையும்போது மவுஸ் நகர நகரக் கணினி இருப்பிடத்தைக் குறித்துக்கொள்கிறது. மெதுவாகப் போனால் நெருக்கமாகக் குறிக்கும், விசுக்கென்று இழுத்தால் இரண்டு புள்ளிக்கு நடுவே பெரிய இடைவெளி விழும். ஆக, உங்கள் பட்டியலில் இலையோடு சேர்ந்து பிள்ளையின் கைவேகமும் பதிவாகியிருக்கிறது. பட்டியலை அப்படியே எடுத்து, இலையின் இந்தப் பக்கம் 90 புள்ளி, அந்தப் பக்கம் 40 புள்ளி, ஆகவே இந்தப் பக்கம் பெரிது என்று ஒரு பிள்ளை எழுதினால், அது இலையைப் பற்றிய முடிவு இல்லை.

சம இடைவெளியில் வேலிக்கம்பம் நடுவது போல் புள்ளிகளை மறுபடி நட வேண்டும். அதற்கு 'எடிட்', 'செலக்‌ஷன்', 'இன்டர்பொலேட்'. இடைவெளி 1 என்று கொடுத்தால் பிக்செலுக்கு ஒரு புள்ளி. 'ஸ்மூத்' கட்டத்தில் டிக் வேண்டாம். கறிவேப்பிலையின் கூர்நுனியை அது மழுக்கிவிடும். இதைச் செய்யுமுன் விசைப்பலகையில் டி எழுத்தைத் தட்டி, கையால் வரைந்த மூலக்கோட்டை ஆர்.ஓ.ஐ. மேனேஜரில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் இன்டர்பொலேட் பழைய கோட்டின் இடத்தில் புதியதை வைத்துவிடும்.

உங்கள் பூஜ்யத்துக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கையால் வரைந்த கோட்டின் புள்ளிகள் பொதுவாக முழு எண்கள்: 412, 87 என்று. இன்டர்பொலேட் ஆனபின், அல்லது மில்லிமீட்டர் அளவுகோல் கொடுத்தபின், 412.367 என்று தசமம் வரும். மென்பொருள் புள்ளி வைத்து எழுதுகிறது. நம் தென்னாப்பிரிக்கக் கணினிகளின் வட்டார அமைப்போ தசமத்துக்குக் காற்புள்ளியை எதிர்பார்க்கிறது. பள்ளிக் கணக்கிலும் 12,5 என்றுதானே நீங்களே எழுத வைக்கிறீர்கள்? எக்செல் அந்த எண்ணைப் பார்த்து, இது ஏதோ எழுத்து என்று முடிவு கட்டி இடப்பக்கம் ஒதுக்கி வைக்கிறது. எழுத்தைக் கூட்டினால் பூஜ்யம். எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். பத்தியைத் தெரிவு செய்து, 'டேட்டா' பட்டியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், கடைசிப் படியில் 'அட்வான்ஸ்ட்' அமுக்கி, தசமக்குறி புள்ளி என்று சொல்லுங்கள். எண்கள் உடனே வலப்பக்கம் நகரும். கணினியின் வட்டார அமைப்பையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பள்ளிக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். அடுத்த வகுப்புக்காரர் மதிப்பெண் பட்டியல் திறக்கும்போது உங்களைத் தேடுவார்.

இனி, பட்டியல் சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கு. உங்கள் வகுப்புக்கே நல்ல பாடம் இது. நான்கே புள்ளிகள் எடுத்துக்கொள்வோம்: (120, 80), (320, 60), (360, 260), (140, 300). ஒவ்வொரு புள்ளியின் எக்ஸையும் அடுத்த புள்ளியின் ஒய்யால் பெருக்கி, அதிலிருந்து அடுத்த புள்ளியின் எக்ஸை இந்தப் புள்ளியின் ஒய்யால் பெருக்கிக் கழியுங்கள். முதலாவது: 120×60 − 320×80 = −18400. அடுத்தது 320×260 − 360×60 = 61600. மூன்றாவது 360×300 − 140×260 = 71600. கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குத் திரும்ப வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான்: 140×80 − 120×300 = −24800. எல்லாம் கூட்டினால் 90000; பாதி 45000. அதுதான் பரப்பு, பிக்செலில். ஆயிரம் புள்ளி இருந்தாலும் எக்செலில் ஒரே சூத்திரத்தைக் கீழே இழுத்தால் போதும். இந்த விடையும் 'மெஷர்' தரும் பரப்பும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பட்டியலில் வரி விடுபட்டிருக்கும், அல்லது ஒன்று பிக்செலிலும் மற்றது மில்லிமீட்டரிலும் இருக்கும். 300 டி.பி.ஐ. ஸ்கேனில் ஒரு மில்லிமீட்டருக்கு 11,81 பிக்செல்; சதுர மில்லிமீட்டருக்கு 139,5. நம் 45000 பிக்செல் சுமார் 322,6 சதுர மில்லிமீட்டர்.

இந்தக் கூட்டுத்தொகையின் குறியும் ஒன்று சொல்லும். திரையில் வலமாக வரைந்திருந்தால் கூட்டல் வரும், இடமாக வரைந்திருந்தால் கழித்தல். வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், எல்லாப் பிள்ளைகளும் காம்பில் தொடங்கி வலமாகவே வரட்டும், கோயிலைச் சுற்றுகிற அதே வழக்கம். தொடங்கிய இடம்தான் பட்டியலின் முதல் வரி.

பரப்பை நம்புங்கள், சுற்றளவை அவ்வளவு நம்பாதீர்கள். கை நடுங்கும்போது கோடு ஒரு இடத்தில் உள்ளே போகும், இன்னொரு இடத்தில் வெளியே வரும். பரப்பில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சுற்றளவில் அப்படி இல்லை. ஒவ்வொரு நடுக்கமும் நீளத்தைக் கூட்டவே செய்யும், குறைக்காது. இன்டர்பொலேட் இடைவெளியை 1-லிருந்து 10 ஆக்கிப் பாருங்கள், சுற்றளவு இறங்கும், பரப்பு பெரிதாக அசையாது. 1967-ல் பெனுவா மாண்டல்பிராட் பிரிட்டன் கடற்கரையின் நீளத்தைப் பற்றி எழுதிய கட்டுரை கேட்டதும் இதைத்தான்: அளவுகோல் சின்னதாக ஆக ஆகக் கரை நீண்டுகொண்டே போகிறது. ஆகவே சுற்றளவு எழுதும் பிள்ளை பக்கத்தில் இடைவெளியையும் எழுத வேண்டும். திசு ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பதும் அதுதான். மூன்று தசமம் போட்ட சுற்றளவைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரே இலையை மூன்று பிள்ளைகள் தனித்தனியே வரையட்டும். மூன்று பரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. இரண்டு வகை இலைக்கு நடுவே உள்ள வித்தியாசம் அதைவிடச் சிறியதாக இருந்தால், வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு. வெள்ளைத்தாளில் பச்சை இலை என்றால் கையால் வரையவே தேவையில்லை. இலையையும் தாளையும் நிறத்தின் அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் 'திரெஷோல்ட்' போட்டு, மந்திரக்கோல் கருவியால் இலையின் மேல் ஒரு தட்டு தட்டினால் ஓரம் தானாக வரும். அதில் நேராக ஓடும் இடங்களில் புள்ளி இருக்காது, மூலைகளில் மட்டும்தான் இருக்கும். அதற்கும் இன்டர்பொலேட் செய்யுங்கள். கையால் வரைவது, கண்ணுக்கு மட்டும் தெரிந்து கணினிக்குத் தெரியாத ஓரங்களுக்கு. பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டலாம்.

கேள்வி: கரும்பு தண்டுகளைக் குறுக்கே வெட்டிப் படமெடுத்து, எல்டானா துளைப்புழு குடைந்த பகுதியைக் கையால் வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு படத்தில் எட்டு, பத்துத் தேர்வுகள் (வரைந்து தெரிவு செய்த பகுதிகள்). எல்லாவற்றின் புள்ளிகளையும் ஒரேயடியாக எடுக்க வேண்டும். ஓரம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பிக்செல்களும் வேண்டும். நடுவில் நல்ல திசு தீவாக மிஞ்சியிருக்கும் இடங்களில் கணக்கு உதைக்கிறது.
(ஆராய்ச்சி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தம்பி, ஒவ்வொன்றாகப் பெட்டி திறந்து டிக் போட்டுக்கொண்டிருந்தால் அறுவடைக் காலமே முடிந்துவிடும். மேக்ரோ எழுதுங்கள், அதாவது கட்டளைகளை வரிசையாக வைத்துத் தானாக ஓடவிடும் சின்ன நிரல். ஆர்.ஓ.ஐ. மேனேஜரில் எத்தனை இருக்கிறது என்று கேட்டு, பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'கெட் செலக்‌ஷன் கோஆர்டினேட்ஸ்' என்ற கட்டளையைக் கூப்பிட்டால் எக்ஸ் ஒரு வரிசையாகவும் ஒய் ஒரு வரிசையாகவும் கைக்கு வரும். ஆங்கிலத்தில் அடிக்கும்போது சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து, முதல் சொல் சிறிய எழுத்திலும் அடுத்தவை பெரிய எழுத்திலும் தொடங்க வேண்டும். தேர்வுகளின் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதை மறக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் தேர்வின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் பத்துத் தேர்வும் ஒன்றோடொன்று ஒட்டி எது எங்கே முடிகிறது என்று தெரியாது.

இந்தக் கட்டளை எப்போதும் பிக்செலில்தான் தரும். நீங்கள் அளவுகோல் கொடுத்திருந்தாலும் அப்படியே. மில்லிமீட்டர் வேண்டுமானால் 'டு ஸ்கேல்ட்' என்ற கட்டளையால் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பிக்செல்களுக்கு 'Roi' என்று (முதல் எழுத்து மட்டும் பெரியது) எழுதிப் புள்ளி வைத்து 'கெட் கன்டெய்ன்ட் பாயின்ட்ஸ்'. முழு எண்ணில் வரும் புள்ளி பிக்செலின் மேல் இடது மூலையைக் குறிக்கிறது. பிக்செலின் நடு வேண்டுமானால் இரண்டிலும் அரை கூட்டுங்கள். துளை பத்துப் பிக்செல் அகலம்தான் என்றால் அரைப் பிக்செல் சின்ன விஷயம் இல்லை.

உதைக்கிற கணக்குக்குக் காரணம், ஆல்ட் விசையை அழுத்தித் தீவைக் கழித்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் அது கூட்டுத்தேர்வாகிவிடும். வெளி ஓரமும் உள் ஓரமும் இரண்டு தனிக் கோடுகள். அவற்றின் புள்ளிகளை ஒரே வளையம் என்று நினைத்துப் பரப்புக் கணக்குப் போட்டால் விடை அபத்தமாகத்தான் வரும். ஆர்.ஓ.ஐ. மேனேஜரில் 'மோர்', 'ஸ்ப்ளிட்' கொடுத்துப் பிரித்து, தனித்தனியே புள்ளி எடுத்து, வெளிப் பரப்பிலிருந்து உள் பரப்பைக் கழியுங்கள்.

எந்த இடம் குடைந்தது, எந்த இடம் வெறுமனே சிவந்து நிறம் மாறியது என்பதில்தான் ஆளுக்கு ஆள் கோடு மாறும். வரையத் தொடங்குமுன் அந்த விதியை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மவுண்ட் எட்ஜ்கம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் உங்களிடமிருந்து அதிக தூரமில்லை; நேரில் போய், அங்கே சேதத்தை எப்படிப் பிரித்து மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாலும் நல்லது.

கேள்வி: தைப்பூசத்துக்குக் கோயில் முன்தரையில் ஆறு மீட்டர் அகலத்தில் மயில் கோலம் போட நினைக்கிறோம். என் மனைவி தாளில் வரைந்ததைப் படமெடுத்தோம். பேரன் அதன் ஓரத்தை இமேஜ்-ஜேயில் வரைந்து புள்ளிகள் எடுத்துக் கொடுத்தான். தரையில் சாக்கட்டியால் சின்னதாக ஒத்திகை பார்த்தோம், மயில் தலைகீழாக நிற்கிறது. பேரன் பிள்ளையின் தப்பா?
(இசிபிங்கோ வாசகர்)

பதில்: ஐயா, பேரன் பேரில் தப்பே இல்லை. நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதும் காரணமில்லை! கணினிப் படத்தில் பூஜ்யம் மேல் இடது மூலையில் இருக்கிறது. ஒய் கீழ்நோக்கிக் கூடுகிறது. நீங்கள் தரையில் அடிப்பக்கம் நின்றுகொண்டு ஒய்யை மேல்நோக்கி அளந்திருப்பீர்கள். பட்டியலில் ஒய்யின் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து, அதிலிருந்து ஒவ்வொரு ஒய்யையும் கழியுங்கள். மயில் எழுந்து நிற்கும்.

எக்ஸிலும் மிகச் சிறிய எண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள், அப்போது கோலம் இடது ஓரத்தில் சரியாகத் தொடங்கும். இனி அளவு. உதாரணமாகப் படத்தில் மயிலின் அகலம் 1200 பிக்செல் என்றால், 600 சென்டிமீட்டர் தரைக்கு ஒரு பிக்செல் அரை சென்டிமீட்டர். எல்லா எண்ணையும் பாதியாக்கினால் சென்டிமீட்டர் வந்துவிடும். எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒரே பெருக்கம்தான். தரை நீளமாக இருக்கிறதே என்று ஒய்யை மட்டும் இழுத்தால் மயில் நாரையாகிவிடும். பேரனை இன்டர்பொலேட் இடைவெளி 20 என்று வைத்துப் பட்டியல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும். அதற்குமேல் நெருக்கம் வேண்டாம், முட்டி தாங்காது. கொண்டை, அலகு, கண் ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக எடுத்து இடைவெளியைக் குறையுங்கள். இறகின் உள்கோடுகள் மூடிய வடிவமில்லாததால், அவற்றுக்குக் கோட்டுக் கருவியில் வலது சொடுக்கினால் வரும் 'ஃப்ரீஹேண்ட் லைன்' பயன்படும்.

தரையில் முதலில் இரண்டு கயிறு கட்டி மூலை பிடியுங்கள். ஒரு கயிற்றில் மூன்று மீட்டர், மற்றதில் நான்கு மீட்டர் குறித்து, குறிகளுக்கு நடுவே சரியாக ஐந்து மீட்டர் வரும்வரை நகர்த்தினால் மூலை செங்கோணம். அது கோணலானால் மொத்த மயிலும் சாயும். ஒருவர் எண் வாசிக்க, இருவர் அளக்க, ஒருவர் புள்ளி வைக்க, அம்மா பின்னால் வந்து சேர்க்கட்டும். பத்தாவது புள்ளிக்கெல்லாம் பக்கத்தில் எண் எழுதி வையுங்கள். எங்காவது ஒரு வரியைத் தாண்டி வாசித்துவிட்டால் எங்கே தவறியது என்று அதில்தான் கண்டுபிடிக்க முடியும். கணினிக் கோடு கொஞ்சம் முரடாகத் தெரிந்தால் அம்மாவின் கைக்கே விட்டுவிடுங்கள். புள்ளிகள் இடத்தைக் காட்டினால் போதும்.

படமெடுத்த விதத்தையும் ஒருமுறை பாருங்கள். தாளைச் சாய்வாகப் போனில் எடுத்திருந்தால் மயிலின் ஒரு பக்கம் ஏற்கெனவே குறுகியிருக்கும், எந்தப் பெருக்கலாலும் அது திரும்பாது. தாளின் நாலு ஓரமும் படத்தின் ஓரங்களுக்கு இணையாக இருக்கும்படி நேர் மேலிருந்து எடுக்க வேண்டும், ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது.

கேள்வி: இதெல்லாம் போனில் செய்ய முடியுமா? மென்பொருள் என்ன விலை?
(மெர்பேங்க்)

பதில்: விலை கிடையாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த வேய்ன் ராஸ்பேண்ட் எழுதி 1997-ல் வெளியிட்டது; பொதுச் சொத்தாகவே விட்டிருக்கிறார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும், டேட்டா செலவு இல்லை. பிரவுசரில் திறக்கும் வடிவமும் இருக்கிறது, ஆனால் சின்னத் திரையில் விரலால் வரைந்தால் ஓரத்தை விரலே மறைத்துக்கொள்ளும். கணினியும் மவுஸும் தேடுங்கள்.

கேள்வி: பாதி வரைந்திருக்கும்போது தெரியாமல் வெளியே சொடுக்கிவிட்டால் கோடு மறைந்துவிடுகிறது. மின்சாரம் போனாலும் எல்லாம் போகிறது.
(வெருலம்)

பதில்: முதலாவதற்கு, 'எடிட்', 'செலக்‌ஷன்', 'ரிஸ்டோர் செலக்‌ஷன்'. கடைசியாக இருந்த கோடு திரும்பி வரும். இரண்டாவதற்கு மருந்து முன்கூட்டித்தான். ஒவ்வொரு கோடு முடிந்ததும் டி தட்டுங்கள். சில கோடுகள் சேர்ந்ததும் ஆர்.ஓ.ஐ. மேனேஜரில் 'மோர்', 'சேவ்'. பல கோடுகள் ஒரே ஜிப் கோப்பாக இறங்கும். படத்தைச் சேமிக்கிறபோது டிஃப் வடிவில் சேமியுங்கள், தேர்வும் கூடவே போகும். ஜேபெக்கில் போகாது, போதாக்குறைக்கு ஓரங்களில் அழுக்குப் படிந்தது போல் பிக்செல்களையும் கலைத்து வைக்கும். புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஜிப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு ஒருவர் வந்து இடைவெளி 1 வேண்டாம், 5 வேண்டும் என்றால், அந்த ஜிப் இருந்தால் இரண்டு நிமிட வேலை.